எந்தப் படம்னு முடிவு பண்ணுங்க, டெம்ப்ளேட் அப்புறம்! – ஓவியர்களோட வெப்சைட் பத்தி வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, சொந்தமா ஒரு வெப்சைட் போடணும்னு நினைக்கிற ஓவியர்கள், சிற்பிகள், இல்லஸ்ட்ரேட்டர்கள் எல்லாரும் கேள்வி அனுப்பலாம்னு சொல்லியிருந்தேன். வந்தத எல்லாம் படிச்சேன். நிறைய கேள்விங்க ஒரே விஷயத்த சுத்திதான் இருந்துச்சு, அதனால ஒத்துப்போறத சேர்த்து, கொஞ்சம் சுருக்கிப் போட்டிருக்கேன். கோடிங் பத்தி இதுல அதிகம் இருக்காது, அதுக்கு முன்னாடி பேப்பரும் பென்சிலும் வச்சுக்கிட்டு உக்காந்து யோசிக்க வேண்டியதுதான் இருக்கு.

கேள்வி: அக்கா, நான் அக்ரிலிக்ல பெயின்ட் பண்றேன், கூடவே புத்தகங்களுக்கு இல்லஸ்ட்ரேஷனும் பண்றேன். வெப்சைட் ஆரம்பிக்கலாம்னு உக்காந்தா டெம்ப்ளேட் (ரெடிமேட் டிசைன்) பாக்கறதுலயே ராத்திரி முழுக்க போயிடுது. ஒண்ணு பிடிச்சுப்போய் எடுத்தா, என் படங்களப் போட்டதும் நல்லாவே இல்ல. எங்கதான் ஆரம்பிக்கறது?
– ஒரு இளம் ஓவியர்

பதில்: தம்பி, அந்த டெம்ப்ளேட் அழகா தெரிஞ்சதுக்குக் காரணமே அதுல இருந்த மாதிரிப் படங்கள்தான். அந்த லேஅவுட்டுக்குன்னே ஒரே அளவுல, ஒரே டோன்ல தேடிப் பொறுக்கி வச்சிருப்பாங்க. உங்க படத்துல ஒண்ணு நெட்டையா இருக்கும், ஒண்ணு அகலமா இருக்கும், ஒண்ணு புத்தக அட்டை, ஒண்ணு பெரிய கேன்வாஸ், அதெல்லாம் ஒரே சதுரக் கட்டத்துக்குள்ள போனா தலையும் காலும் வெட்டுப்பட்டுத்தான் நிக்கும். அதனால கொஞ்ச நாளைக்கு டெம்ப்ளேட்ட மூடி வச்சிடுங்க.

முதல் கேள்வி, உங்க சைட்டுக்கு யார் வரணும்? கண்காட்சி வைக்கறவங்க வந்தா, இவர் ஒரே விஷயத்த எவ்வளவு ஆழமா பிடிச்சுக்கிட்டுப் போறாருன்னு பாப்பாங்க, தனித்தனி நல்ல படத்த விட ஒரு தொடர் அவங்களுக்கு முக்கியம். பதிப்பகத்துல படம் தேர்வு பண்ற ஆர்ட் டைரக்டர் வந்தா, நேரமே இல்லாம வருவாங்க, இந்த ஸ்டைல் நம்ம புத்தகத்துக்கு ஒத்துவருமா, சொன்ன தேதிக்குத் தருவாரா, ஈமெயில் எங்க இருக்கு, அவ்வளவுதான். வாங்கறவங்க வந்தா இது எவ்வளவு பெருசு, இன்னும் இருக்கா, யாரக் கேக்கறதுன்னு தேடுவாங்க. மூணு பேருக்கும் மூணு விதமான முகப்பு வேணும். உங்க கேஸ்ல பெயின்டிங்கும் இல்லஸ்ட்ரேஷனும் ரெண்டு இருக்கு, அடுத்த ரெண்டு வருஷத்துக்கு எதுல அதிகமா வேலை வரணும்னு ஆசப்படறீங்களோ அது முகப்புல, இன்னொண்ணு மெனுல ஒரு வார்த்தையா. ரெண்டையும் கலந்து ஒரே பக்கத்துல கொட்டினா வர்றவங்களுக்கு இவர் யாருன்னே புரியாது.

ரெண்டாவது, எந்தப் படங்கள். இதுதான் நிஜமான டிசைன் வேலை, மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான். போன்ல தள்ளித் தள்ளிப் பாத்து இத முடிவு பண்ண முடியாது. எல்லாத்தையும் சின்னச் சின்னதா பிரின்ட் எடுத்து வெட்டி தரையில பரப்புங்க. நின்னுக்கிட்டே பாருங்க. முதல்ல ஒரே மாதிரி இருக்கறது எல்லாம் பக்கத்துல பக்கத்துல வரட்டும், அப்ப தெரியும், இதே ஜன்னல், இதே வெளிச்சம், இதே மூணு கலர்னு நாலு படம் இருக்கும், அதுல ஒண்ணு மட்டும் நிக்கட்டும். எந்தப் படத்த எடுக்கறப்போ "இது நல்லா வந்திருக்கும், ஆனா டைம் இல்ல"ன்னு மனசுக்குள்ள ஒரு விளக்கம் ஓடுதோ அத விலக்கிடுங்க. வெப்சைட்ல நீங்க பக்கத்துல நின்னு விளக்கம் சொல்ல முடியாது. பதினஞ்சுல இருந்து இருபது படம் மிஞ்சினா போதும், அதுக்கு மேல போகப்போக பாக்கறவங்க வேகமா தள்ள ஆரம்பிச்சுடறாங்க, வேகமா தள்ளறப்போ நல்ல படமும் சேர்ந்துதான் போகும்.

முகப்புல வர்ற முதல் படத்துக்கு நான் எப்பவும் ஒரு சோதனை சொல்வேன். இந்தப் படத்தப் பாத்துட்டு ஒருத்தர் "இதே மாதிரி எனக்கு ஒண்ணு பண்ணித் தருவீங்களா"ன்னு கேட்டா உங்களுக்கு சந்தோஷமா இருக்குமா? ஆமான்னா அது முதல் படம். நல்லா லைக் வாங்குச்சு, ஆனா இனிமே அந்த மாதிரி வரையவே பிடிக்கலன்னா, அது எவ்வளவு நல்ல படமா இருந்தாலும் முதல்ல வேண்டாம், ஏன்னா நீங்க எதக் காட்டறீங்களோ அதேதான் திரும்பத் திரும்பக் கேப்பாங்க.

இது முடிஞ்சதுக்கு அப்புறம் டெம்ப்ளேட் தேடுங்க. அப்ப உங்க கையில ஒரு லிஸ்ட் இருக்கும், நெட்டைப் படம் எத்தன, அகலப் படம் எத்தன, க்ளோசப் எத்தனன்னு தெரியும். படத்த வெட்டாம அதோட சொந்த வடிவத்துலயே காட்டுதான்னு மட்டும் பாருங்க, பாதி டெம்ப்ளேட் அங்கயே கழிஞ்சுடும்.

கேள்வி: கறுப்பு பேக்ரவுண்ட்ல என் படங்கள் சும்மா ஜொலிக்குது. ஆனா என் ஃப்ரெண்ட் வெள்ளைதான் ப்ரொஃபஷனல்னு சொல்றான். எது சரி மேடம்?
– எண்ணெய் வண்ணத்துல வரையற ஒருத்தர்

பதில்: ஜொலிக்குதுன்னு நீங்க சொல்றது உண்மைதான், ஆனா அந்த ஜொலிப்பு படத்துல இல்ல, பக்கத்துல இருக்கற கறுப்புலதான் இருக்கு. ஒரு கலர் எப்படித் தெரியுதுங்கறது அதுக்குப் பக்கத்துல என்ன இருக்குன்னு பொறுத்தது. ஷெவ்ரூல்னு ஒரு ஃப்ரெஞ்சு வேதியியல் அறிஞர், பாரிஸ்ல கோப்லான் திரைச்சீலைத் தொழிற்சாலையில சாயப் பிரிவுக்கு இயக்குநரா இருந்தார். கறுப்புச் சாயம் சரியில்ல, வெளிறித் தெரியுதுன்னு அவருக்குப் புகார் வந்துச்சு. அவர் சோதிச்சுப் பாத்தா சாயத்துல ஒரு குறையும் இல்ல, அந்தக் கறுப்புக்குப் பக்கத்துல நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் அத அப்படிக் காட்டுச்சு. அதப் பிடிச்சுக்கிட்டே போய் 1839ல கலர்கள் ஒண்ண ஒண்ணு மாத்திக் காட்டறத பத்தி பெரிய புத்தகமே போட்டார், பின்னாடி வந்த ஓவியர்கள் நிறைய பேர் அத வச்சு வேலை செஞ்சாங்க.

உங்க சைட்லயும் அதேதான் நடக்குது. கறுப்புக்கு மேல வச்சா படத்துல இருக்கற இருட்டுப் பகுதி எல்லாம் வெளுத்துத் தெரியும், வெளிச்சப் பகுதி அளவுக்கு மீறி அடிக்கும், நீங்க பொறுமையா கட்டின நடு டோன் எல்லாம் தொலைஞ்சு போகும். சுத்தமான வெள்ளையிலயும் ஒரு கஷ்டம் இருக்கு, ஸ்க்ரீன்ல வெள்ளைங்கறது வெளிச்சமே நேரா கண்ணுக்கு வர்றது, அதனால படம் கொஞ்சம் இருண்டு தெரியும், அதோட வாட்டர்கலர், பென்சில் ட்ராயிங் எல்லாம் போட்டா காகிதத்தோட விளிம்பு எங்க முடியுதுன்னே தெரியாம கரைஞ்சுடும்.

நான் பெரும்பாலும் லேசா மங்கின வெள்ளை, இல்லன்னா ரொம்ப வெளிறின சாம்பல் சொல்வேன், அதுல கலர் சாயலே இருக்கக் கூடாது. உங்க படங்கள்லயே ரொம்ப இருட்டான ஒண்ணையும் ரொம்ப வெளிச்சமான ஒண்ணையும் எடுத்து அதுமேல வச்சுப் பாருங்க, ரெண்டும் ஸ்டுடியோ சுவர்ல இருக்கற மாதிரியே தெரிஞ்சா அத வச்சுக்கோங்க. ஒவ்வொரு படத்துக்கும் பேக்ரவுண்ட் மாத்தறது வேண்டவே வேண்டாம். வீடியோ, ஒளி வச்சு செய்யற இன்ஸ்டலேஷன், ராத்திரி ஃபோட்டோ மாதிரி இருட்டுலயே பாக்க வேண்டிய வேலைன்னா கறுப்பு நல்லாவே ஒத்துவரும்.

இன்னொண்ணு, படத்துக்குக் கீழ வர்ற எழுத்த அழகுக்காக வெளிறின சாம்பல்ல போடறாங்க, வயசானவங்களால படிக்கவே முடியல. எழுத்துக்கும் பேக்ரவுண்டுக்கும் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வித்தியாசம், குறைஞ்சது 4.5க்கு 1 இருக்கணும்னு, எல்லாராலயும் சைட்ட பயன்படுத்த முடியணும்ங்கறதுக்கான வெப் அணுகல் விதிகள் சொல்லுது. வெள்ளை மேல 999999ங்கற கலர் கோட் இருக்கற சாம்பல் 3 கூட வராது, 767676ங்கற கோட் வரைக்கும் இருட்டாக்கினாதான் 4.5 தாண்டும். மங்கின வெள்ளைன்னா இன்னும் கொஞ்சம் இருட்டு வேணும்.

கேள்வி: சைட் திறந்ததும் என் கையெழுத்து தானா எழுதற மாதிரி ஒரு அனிமேஷன், பின்னாடி மெல்லிசா ம்யூசிக், அப்புறம் "உள்ளே வாங்க"ன்னு ஒரு பட்டன். நல்லா இருக்குமா?

பதில்: வேண்டாம். உங்க படம் ஒண்ணு கண்ணுல படறதுக்கு முன்னாடியே ஆள் போயிடுவாங்க. ம்யூசிக் தானா ஓடினா பல பேர் அந்த டேப்பையே மூடிடுவாங்க, இப்ப முக்காவாசி ப்ரௌசர் சத்தத்தோட தானா ஓட விடறதும் இல்ல. முகப்புல வர்ற பெரிய படம் 2.5 செகண்டுக்குள்ள தெரியணும்ங்கறது கூகுள் வச்சிருக்கற அளவுகோல், அத இலக்கா வச்சுக்கோங்க. ஒரு காலத்துல ஓவியர்களோட சைட் நிறைய ஃப்ளாஷ்ங்கற அனிமேஷன் சாஃப்ட்வேர்லதான் இருந்துச்சு, எல்லாம் நகரும், எல்லாம் பாடும். 2020 டிசம்பர் 31ஓட அடோபி ஃப்ளாஷ நிறுத்துச்சு, 2021 ஜனவரி 12ல இருந்து ப்ளேயர் ஓடறதையே தடுத்துடுச்சு, மாத்தி எழுதாத சைட்டெல்லாம் வெறும் சாம்பல் கட்டமா போச்சு. சாதாரணமா படமும் எழுத்தும் மட்டும் இருந்த பழைய பக்கங்கள் இன்னைக்கும் திறக்குது.

கேள்வி: நான் போடற நீலம் ஸ்க்ரீன்ல ஊதாவா தெரியுது, சிவப்பு வெளிறிப் போகுது. ஃபோட்டோவ எடிட் பண்ணி என் லேப்டாப்ல சரி பண்ணா போன்ல வேற மாதிரி வருது. படத்தையே நம்பி இருக்கற சைட்ல இப்படி ஆனா எப்படி?
– கவலையோட ஒரு வாசகி

பதில்: இந்தக் கவலை ரொம்ப நியாயமானது தங்கச்சி. சைட் டிசைன் எவ்வளவு நல்லா இருந்தாலும் ஃபோட்டோ மோசம்னா எல்லாமே போச்சு. செலவு பண்ண முடிஞ்சா டிசைனுக்கு முன்னாடி ஃபோட்டோவுக்குப் பண்ணுங்கன்னுதான் எல்லாருக்கும் சொல்றேன்.

கலர் மூணு இடத்துல தப்பிப் போகுது. முதல் இடம் வெளிச்சம். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம், ட்யூப்லைட் ஒரு பக்கம்னு கலந்து அடிச்சா எந்த எடிட்டிங்கும் காப்பாத்தாது. ஒரே மாதிரி ரெண்டு விளக்கு, படத்துக்கு ரெண்டு பக்கமும் 45 டிகிரில, ரூம்ல மத்த விளக்கெல்லாம் அணைச்சுட்டு எடுங்க. விளக்கு இல்லன்னா மேகமூட்டமான பகல்ல வெளியில நிழல்ல எடுங்க. கேமரா ட்ரைபாட்ல, லென்ஸ் படத்தோட நடுவுக்கு நேரா, சுவரும் கேமராவும் இணையா இருக்கணும், இல்லன்னா சதுரம் கோணலாகும். வைடு லென்ஸ் வேண்டாம், ஃபுல் ஃப்ரேம் கணக்குல 50 மில்லிமீட்டரோ அதுக்கு மேலயோ வச்சு கொஞ்சம் தள்ளி நின்னு எடுங்க. போன்ல எடுத்தா ரொம்பக் கிட்டப் போகாதீங்க, அதுவா அழகு பண்ற ஹெச்டிஆர், ஃபில்டர் எல்லாத்தையும் அணைச்சுடுங்க. எண்ணெய் வண்ணத்துல வார்னிஷ் பளபளப்பு அடிச்சா, விளக்கு முன்னாடி போலரைசிங் ஷீட்டும் லென்ஸ்ல போலரைசிங் ஃபில்டரும் போட்டு ஃபில்டர மெல்ல திருப்பிக்கிட்டே பாருங்க, ஒரு இடத்துல பளபளப்பு அப்படியே மறைஞ்சு அடியில இருக்கற கலர் மேல வரும், பாக்கவே ஆச்சரியமா இருக்கும். ஆனா ப்ரஷ் தடமும் அதோட கொஞ்சம் தட்டையாகும், தடம்தான் முக்கியம்னா பக்கவாட்டு வெளிச்சத்துல ஒரு க்ளோசப் தனியா எடுத்து வைங்க.

ரெண்டாவது இடம் ஒப்பிட ஒண்ணு இல்லாதது. படத்துக்குப் பக்கத்துல ஒரு சாம்பல் கார்டோ, 24 கட்டம் இருக்கற கலர் செக்கரோ வச்சு முதல்ல ஒரு ஷாட் எடுத்துடுங்க, ரா ஃபைலா (கேமரா திருத்தாம சேமிக்கற ஃபைல்) எடுங்க. அப்புறம் எடிட் பண்றப்போ அந்த சாம்பல க்ளிக் பண்ணி வொயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தோட கலர் சாயல நீக்கறது) வச்சா கண்ணு மதிப்புல தடவ வேண்டியதில்ல. எடிட் பண்றப்போ ஒரிஜினல் படம் பக்கத்துலயே இருக்கட்டும், ஸ்க்ரீன்ல நைட் மோட் ஆன்ல இருக்கான்னு பாத்துக்கோங்க, அது எல்லாத்தையும் மஞ்சளாக்கிடும்.

மூணாவது இடம்தான் யாருக்கும் தெரியறதில்ல, ஃபைல எக்ஸ்போர்ட் பண்ற விதம். வெப்புக்கு பொதுவான கலர் அளவு எஸ்ஆர்ஜிபி, ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் 1996ல முன்வச்சது, 1999ல சர்வதேச தரமாச்சு. பிரின்ட்டுக்குன்னு அடோபி ஆர்ஜிபிங்கற இன்னொரு கலர் அளவுல வச்சிருக்கற ஃபைல அப்படியே ஏத்தினா, சைட் படத்த சுருக்கறப்போ எந்தக் கலர் அளவுன்னு சொல்ற ப்ரொஃபைல் தகவல் உதிர்ந்துபோய் ப்ரௌசர் அத எஸ்ஆர்ஜிபின்னே நினைச்சுக் காட்டும், உங்க சிவப்பு வெளிறிப் போறதுக்கு பெரும்பாலும் இதுதான் காரணமா இருக்கும். எஸ்ஆர்ஜிபிக்கு மாத்தி, ப்ரொஃபைலையும் சேர்த்து எக்ஸ்போர்ட் பண்ணுங்க. நீளப் பக்கம் 2000 பிக்சல் கிட்ட, ஜேபெக் குவாலிட்டி 80 கிட்ட, இல்லன்னா வெப்பி ஃபார்மட். இவ்வளவு பண்ணியும் ஒவ்வொரு ஸ்க்ரீன்லயும் துளி வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், ஆனா நீலம் ஊதாவாகற அளவுக்கு இருக்காது. சில நீல நிறமிகள கேமராவே தப்பாப் பிடிக்கும், அந்த மாதிரி வந்தா அந்தப் பகுதிய மட்டும் ஒரிஜினலப் பாத்து கையால சரி பண்ணிக்கலாம்.

கேள்வி: படத்துக்குக் கீழ என்னென்ன எழுதணும்? விலை போடலாமா? வித்துப்போன படத்த எடுத்துடணுமா?

பதில்: தலைப்பு, வருஷம், எதுல வரைஞ்சது, அளவு. இந்த நாலும் எல்லாப் படத்துக்கும் ஒரே வரிசையில, ஒரே மாதிரி வரணும். அளவுல உயரம் முதல்ல, அகலம் அடுத்து, அதுதான் கலை உலகத்துல வழக்கம், மாத்திப் போட்டா நெட்டையான படத்த அகலம்னு நினைச்சுக்குவாங்க. பிரின்ட்டுன்னா எத்தன பிரதியில எத்தனாவதுன்னு சேர்த்துக்கோங்க. "மிக்ஸட் மீடியா"ன்னு மட்டும் விடாதீங்க, கரியும் அக்ரிலிக்கும் கிழிச்ச செய்தித்தாளும்னு சொன்னா அதுலயே பாக்கறவங்களுக்கு ஒரு ஆர்வம் வந்துடும். அளவு எழுதினாலும் ஸ்க்ரீன்ல பெருசும் சின்னதும் ஒண்ணாதான் தெரியும், அதனால பெரிய படத்துக்கு பக்கத்துல ஒரு ஆளோ நாற்காலியோ இருக்கற மாதிரி ஒரு ஃபோட்டோவாவது கூட போடுங்க.

விலை விஷயத்துல, கேலரி வழியா விக்கறீங்கன்னா அவங்களக் கேக்காம போடாதீங்க, ரெண்டு இடத்துல ரெண்டு விலை இருந்தா உறவு கெட்டுடும். நேரா நீங்களே விக்கறீங்கன்னா போடுங்கன்னுதான் நான் சொல்வேன். விலை கேக்கறதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டே வாங்காம போறவங்க நிறைய. வித்த படத்த எடுக்க வேண்டாம், "விற்றது"ன்னு சின்னதா போட்டு வைங்க, அது உங்க வேலையோட வரலாறு.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். நாற்பது வருஷப் படங்கள் வீட்டில் இருக்கின்றன. பேரன் இன்ஸ்டாகிராம் போதும் என்கிறான். எல்லாவற்றையும் ஒரு இடத்தில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. வழி சொல்லுங்கள்.

பதில்: ஐயா, வணக்கம். பேரன் சொல்றதுல பாதி சரி, புதுசா ஆளுங்க உங்கள கண்டுபிடிக்க இன்ஸ்டாகிராம் நல்ல வழி. ஆனா அங்க எது எந்த வரிசையில தெரியணும், எந்த அளவுல வெட்டணும், நாளைக்கு அந்தக் கம்பெனி என்ன பண்ணும்னு எதுவுமே உங்க கையில இல்ல. இலவசமா வெப் பக்கம் வச்சுக்க விட்ட ஜியோசிட்டீஸ யாஹூ 2009ல மூடினப்போ கணக்கில்லாத பேரோட பக்கங்கள் போச்சு, ஆர்வலர்கள் ஓடி ஓடி காப்பி எடுத்து வச்சதாலதான் கொஞ்சமாவது மிஞ்சுச்சு. நாற்பது வருஷ உழைப்ப அப்படி விடக் கூடாது.

உங்களுக்கு ரெண்டு அடுக்கா யோசிக்கணும் ஐயா. முன்னாடி ஒரு சின்ன அறை, அதுல உங்களோட சிறந்த இருபது படம். அதுக்குப் பின்னாடி முழுத் தொகுப்பு, காலம் வாரியா, தொடர் வாரியா தேடற மாதிரி. புதுசா வர்றவங்க முன்னறையோட திருப்தியா போகலாம், உங்க மாணவர்களும் ஆராய்ச்சி பண்றவங்களும் உள்ள போவாங்க. இதுக்கு முதல் வேலை கம்ப்யூட்டர்ல இல்ல, ஒரு நோட்டுல. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நம்பர், வருஷத்தோட சேர்த்து, 1987-04ங்கற மாதிரி. அந்த நம்பர படத்தோட பின்பக்கம் மென்மையான பென்சில்ல, மரச் சட்டத்துல மெதுவா எழுதிடுங்க, ஃபோட்டோ ஃபைலுக்கும் அதே நம்பர்தான் பேரு. தலைப்பு, எதுல வரைஞ்சது, அளவு, இப்ப யார்கிட்ட இருக்கு, அத வரைஞ்ச சமயத்துல நடந்த ஏதாவது ஞாபகம் இருந்தா அதுவும் எழுதிடுங்க. வருஷம் சரியா நினைவில்லன்னா "சுமார்"னு போட்டுக்கலாம், மியூசியத்துலயும் அப்படித்தான் போடறாங்க. பேரன உக்கார வச்சு அவன்கிட்ட சொல்லச் சொல்ல எழுத வைங்க, அவனுக்கும் தாத்தாவோட படங்கள் அப்பதான் முழுசா தெரியவரும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா கவனிங்க. டொமைன் பேரு, அதாவது சைட்டோட முகவரி, உங்க பேர்லயோ குடும்பத்துல ஒருத்தர் பேர்லயோதான் பதிவாகணும், சைட் செஞ்சு தர்ற ஆள் பேர்ல இருக்கவே கூடாது. பாஸ்வேர்டும் புதுப்பிக்கற தேதியும் அந்த நோட்டுலயே இருக்கட்டும், நோட்டு பத்திரமான இடத்துல இருக்கட்டும். ஒரிஜினல் ஃபோட்டோக்கள் ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல, ரெண்டு வேற வேற வீட்டுல இருந்தா நிம்மதி.

கேள்வி: "என்னைப் பற்றி" பக்கத்துல என்ன எழுதறதுன்னே தெரியல. எழுதினா எல்லாம் எங்கயோ படிச்ச மாதிரியே இருக்கு.
– துணியில் வேலை செய்யும் ஒரு கலைஞர்

பதில்: நீங்க அனுப்பின வரிய அப்படியே போடறேன், தப்பா எடுத்துக்காதீங்க: "என் படைப்புகள் நினைவுக்கும் காலத்துக்கும் இடையிலான வெளியை ஆராய்கின்றன." இத யார் வேணா எழுதலாம், சிற்பி எழுதலாம், ஃபோட்டோகிராஃபர் எழுதலாம். ஆனா அதே மெயில்ல கீழ நீங்க சாதாரணமா ஒண்ணு சொல்லியிருக்கீங்க, பழைய சட்டைகளோட காலர் தேய்ஞ்ச இடத்த மட்டும் வெட்டி எடுத்து, அந்தத் தேய்மானம் தெரியற மாதிரியே ஒண்ணோட ஒண்ணு தைக்கறேன்னு. அதுதான் உங்க ஸ்டேட்மென்ட், அதாவது உங்க வேலையப் பத்தி நீங்களே சொல்றது! அத முதல் வரியா வைங்க. எதுல செய்யறீங்க, எப்படி செய்யறீங்க, ஏன் அந்தப் பொருள விட முடியல, இந்த மூணும் நூறு நூத்தம்பது வார்த்தையில வந்தா போதும். நினைவு, காலம் எல்லாம் பாக்கறவங்களுக்குத் தானா தோணும்.

ஸ்டேட்மென்ட் வேற, பயோ வேற. பயோங்கறது உங்களப் பத்தின சுருக்க அறிமுகம், மத்தவங்க எடுத்துப் போட்டுக்கறதுக்கு, கண்காட்சி அறிவிப்புல, பத்திரிகையில, அதனால அது படர்க்கையில இருக்கட்டும், "அவர்"னு. ஸ்டேட்மென்ட் "நான்"னு இருக்கட்டும். கண்காட்சி லிஸ்ட் புதுசு மேல, பழசு கீழ. லிஸ்ட் சின்னதா இருக்கேன்னு கவலப்பட்டு ஸ்கூல் போட்டி எல்லாம் சேர்க்காதீங்க, நாலு வரி உண்மையா இருந்தாலே மரியாதையாதான் இருக்கும்.

கேள்வி: படத்த திருடிடுவாங்கன்னு பயமா இருக்கு. இப்ப ஏஐ வேற. பெரிய வாட்டர்மார்க் போடலாமா, இல்ல சைட்டே வேண்டாமா?

பதில்: பயம் புரியுது, நிறைய பேர் வேலைய ஏஐக்குக் கத்துக்கொடுக்க அவங்க அனுமதி கேக்காமலே எடுத்திருக்காங்க, அது அநியாயம்தான். ஆனா படத்துக்குக் குறுக்க பெரிய வாட்டர்மார்க் போட்டா திருடறவனுக்கு அது ஒரு தடையே இல்ல, நல்ல மனசோட பாக்க வர்றவங்களுக்குத்தான் தண்டனை. ரைட் க்ளிக்க தடுக்கறதும் அப்படித்தான், ஸ்க்ரீன்ஷாட்ட யார் தடுக்க முடியும்?

பிரின்ட் போடற அளவுக்கு பெரிய ஃபைல ஏத்தாதீங்க, 2000 பிக்சல் ஸ்க்ரீனுக்கு அழகு, சுவர்ல மாட்டற அளவுக்கு பெரிய பிரின்ட்டுக்குப் பத்தாது. ரொம்ப பயமா இருந்தா 1600 வைங்க. ஃபைலுக்குள்ளயே உங்க பேரும் காப்பிரைட்டும் மெட்டாடேட்டாவா எழுதிடுங்க. காப்பிரைட்டுக்கான சர்வதேச பெர்ன் ஒப்பந்தத்துல இருக்கற நாடுகள்ல வரைஞ்ச உடனே காப்பிரைட் உங்களோடது, தனியா பதிவு பண்ணாதான் உரிமைன்னு இல்ல, படத்த வித்தாலும் எழுதிக் கொடுக்காத வரைக்கும் பொதுவா காப்பிரைட் போயிடறதும் இல்ல. ஏஐ விஷயத்துக்கு, சைட்ல ரோபாட்ஸ் டாட் டிஎக்ஸ்டிங்கற ஃபைல்ல ஏஐக்காக சைட் சைட்டா தானா சேகரிக்கற க்ராலர்கள் வரக் கூடாதுன்னு எழுதலாம், ஆனா அது ஒரு வேண்டுகோள்தான், மதிக்காதவங்க மதிக்க மாட்டாங்க. சிகாகோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2023ல க்ளேஸ்னு ஒரு இலவச டூல் விட்டாங்க, மனுஷக் கண்ணுக்கு அதிகம் தெரியாத மாற்றம் பண்ணி உங்க ஸ்டைல மெஷின் கத்துக்கறத குழப்பப் பாக்கும். முழுப் பாதுகாப்பு கிடையாது, தட்டையான கலர் இருக்கற படத்துல அந்த மாற்றம் கொஞ்சம் தெரியவும் செய்யும், ஒரு படத்துல போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. சைட்டே வேண்டாம்னு மட்டும் நினைக்காதீங்க, உங்க பேரத் தேடறப்போ முதல்ல உங்க சொந்த இடம் வர்றதுதான், இது என் வேலைன்னு சொல்றதுக்கு நல்ல ஆதாரம்.

கேள்வி: தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் சைட் வேணும். ஒரே பக்கத்துல ரெண்டையும் போடலாமா?

பதில்: படத் தலைப்பு மாதிரி சின்ன வரின்னா ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு போடலாம். ஸ்டேட்மென்ட் மாதிரி நீளமானதுக்கு தனித்தனி பக்கம் வைங்க, மேல ஒரு மாத்தற பட்டன், அது முகப்புக்குத் தூக்கிப் போடாம அதே பக்கத்தோட இன்னொரு மொழிக்குப் போகணும். தமிழ் எழுத்துக்கு மேலயும் கீழயும் குறி வர்றதால வரி இடைவெளி கூட வேணும், 1.6 மடங்கு வச்சுப் பாருங்க. தமிழ் வார்த்தை நீளம், மெனுல இங்கிலீஷ் நாலு வார்த்தை ஒரு வரியில நின்ன இடத்துல தமிழ் உடைஞ்சு ரெண்டு வரியாகும், அதனால டிசைன தமிழ வச்சே முதல்ல வரைங்க, இங்கிலீஷ் தானா அடங்கிடும். எழுத்துக்கு நடுவுல இடைவெளி விடற ஸ்டைல தமிழ்ல வைக்கவே வைக்காதீங்க, கொம்பும் காலும் தனித்தனியா பிரிஞ்சு நிக்கலாம்.

கேள்வி: சைட் ரெடின்னு நினைக்கிறேன். வெளியிடறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்?
– அகலமான நிலக்காட்சிகள் வரையற ஒருத்தர்

பதில்: உங்க படங்கள் அகலமா இருக்கறதால முதல்ல போன எடுங்க. நிமிர்த்திப் பிடிச்ச போன்ல மூணுக்கு ஒண்ணு அகலப் படம் ஒரு பட்டையாதான் தெரியும். விரலால பெருசு பண்ணிப் பாக்க விடுங்க, சில டெம்ப்ளேட் அத அடைச்சு வச்சிருக்கும். அதோட படத்துக்குக் கீழயே ரெண்டு மூணு க்ளோசப் வைங்க, இடது மூலையில இருக்கற அந்த சின்ன மரம், நடுவுல தண்ணியில விழற வெளிச்சம்னு நீங்களே கூட்டிக்கிட்டுப் போற மாதிரி. தானா நகர்ற ஸ்லைடர் வேண்டாம், ஒரு படத்துல கண்ணு நிக்கறதுக்குள்ள அடுத்தது வந்துடுது, கீழ கீழ போற சாதாரண ஸ்க்ரோல் போதும். கண் தெரியாதவங்களுக்கு ஸ்க்ரீன் ரீடர் படிச்சுக் காட்டற ஆல்ட் டெக்ஸ்ட் எல்லாப் படத்துக்கும் இருக்கான்னு பாருங்க, "ஓவியம் 3"னு இல்லாம, காய்ஞ்ச வயல், தூரத்துல ஒரே ஒரு மின்கம்பம், வானம் பாதிக்கு மேலன்னு ஒரு வரியில படத்த சொல்லுங்க.

அப்புறம் உங்க வேலைய அதிகம் தெரியாத ஒருத்தர்கிட்ட போன கொடுத்து, ரெண்டே ரெண்டு வேலை சொல்லுங்க, இவர் என்ன மாதிரி வரையறாருன்னு சொல்லு, இவருக்கு ஒரு மெசேஜ் அனுப்பு. பக்கத்துல உக்காருங்க, ஆனா வாயத் திறக்காதீங்க. அவங்க விரல் எங்க தடுமாறுதோ அங்கதான் திருத்தணும், நீங்க எவ்வளவு ஆசையா செஞ்ச மெனுவா இருந்தாலும் சரி. அவங்க அனுப்பின மெசேஜ் உங்களுக்கு நிஜமாவே வந்து சேர்ந்துச்சான்னு அன்னைக்கே பாருங்க, ஸ்பேம் ஃபோல்டரையும் சேர்த்து. கான்டாக்ட் ஃபார்ம் வேலை செய்யாம இருக்கறது வெளியில இருந்து பாத்தா தெரியவே தெரியாது, அனுப்பினவங்க பதில் வரலன்னு நினைச்சுக்குவாங்க, நீங்க யாருமே கேக்கலன்னு நினைச்சுக்குவீங்க. அதனால ஃபார்ம் இருந்தாலும் ஈமெயில் முகவரியையும் எழுத்தா கீழ போட்டு வைங்க, மாசத்துக்கு ஒரு தடவை நீங்களே ஒரு மெசேஜ் அனுப்பிப் பாத்துக்கோங்க.